கறி மருந்தும் சேமியா ஐஸும்

உத்திரமேரூருக்குப் போய்விட்டு அந்தக் கல்வெட்டுக் கோயிலைப் பார்க்காமல் திரும்பி வந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டுத் தேர்தல் நடத்திய விதிகளையெல்லாம் சுவரில் செதுக்கி வைத்திருக்கிறார்களாம். மலேசியாவில், ஈப்போவில் என்னோடு வேலை செய்கிறவர்கள் போட்டோ எங்கே, போட்டோ எங்கே என்று பிடுங்கி எடுத்தார்கள். "போட்டோவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, போய் வேலையைப் பாருங்கள்" என்று விட்டேன். நான் போன காரியம் வேறு.

ஏழுமலை என்று ஒரு தம்பி. எங்கள் ஆஸ்பத்திரிக்கு எதிரே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறவன். நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாள், தனிக்கட்டை, மத்தியானம் அங்கேதான் பசியாறுவேன். ஒரு நாள் அவன் ரசம் ஊற்றும்போது கை தவறி என் புடவையெல்லாம் ரசம். திட்டலாம் என்று நிமிர்ந்து பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறான். ஊரில் அவன் மகள் அமுலு காய்ச்சலில் துவண்டு போய், காஞ்சிபுரத்தில் குளுக்கோஸ் ஏற்றின பிறகுதான் கண்ணைத் திறந்தாளாம். அவளுக்கு மூத்தவன் மோகன் அதே மாதிரி துவண்டவன், எழுந்திருக்கவே இல்லையாம். இரண்டு வயது.

எனக்குச் சுருக்கென்றது. இந்த மாதிரிப் பிள்ளைகளின் ரத்தத்தை எங்கள் மேசையில் பார்த்திருக்கிறேன். எங்கள் டாக்டரம்மாவிடம் சொல்லி, காஞ்சிபுரத்து டாக்டர் ஒருவர் மூலமாக அமுலுவின் ரத்தத்தைக் கெட்டிக் காகிதத்தில் பொட்டு பொட்டாக வைத்து வரவழைத்தோம். நான் பயந்த மாதிரியேதான் முடிவு வந்தது; அந்தக் காகிதத்தைக் காட்டி ஏழுமலைக்கு விளக்கினேன். இனிமேல் தினம் மூன்று வேளை ஒரு மருந்து. அதைவிட முக்கியம், அவளை எந்தக் காரணத்துக்காகவும் பட்டினி போடக் கூடாது. அடுத்தடுத்த மருந்தை மெட்ராஸிலிருந்து வரவழைத்துத் தருவதாகக் காஞ்சிபுரத்து டாக்டர் ஒப்புக்கொண்டார். அதுவரைக்கும் சமாளிக்க எங்கள் டாக்டரம்மா சில புட்டிகள் கொடுத்தார். ஏழுமலைக்கு முதலாளி லீவு தரவில்லை. "அக்கா, நீங்க போய்ச் சொன்னா அவ கேப்பா" என்றான். அவ என்றால் பூங்காவனம், அவன் பெண்சாதி.

சரி என்று கிளம்பிவிட்டேன். எனக்கும் இந்தியா வெளிநாடுதான். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தாத்தா எந்த ஊர்க்காரர் என்றுகூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

காஞ்சிபுரத்திலிருந்து பஸ். புட்டிகளைக் கைலித் துணியில் சுற்றி, பையை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் பையை டிரைவர் பக்கத்தில் வை என்கிறார், நான் மாட்டேன் என்கிறேன். பின் சீட்டில் இரண்டு அம்மாக்கள் தெலுங்கில் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று முதுகுக்கே தெரிந்தது. பக்கத்திலிருந்த பெண்ணைக் கேட்டேன். "பையில கொயந்தை எதுனா வெச்சிக்கினு கீறாளா, இந்தப் புடி புடிக்கிறாளேன்னு பேசிக்கிறாங்கோ" என்றாள். நான் திரும்பி, ஆமாம், பெண் குழந்தை என்றேன். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரும் பையை விட்டுவிட்டார்.

மாகறல் பக்கம் வரும்போது டயர் வெடித்தது. எங்கள் ஊராக இருந்தால் அடுத்த பஸ்ஸுக்கு போன் பண்ணிவிட்டு ஆளுக்கு ஒரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்போம். இங்கே பாதிப் பேர் இறங்கி டயரைச் சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். மீதிப் பேர் டீ குடிக்கப் போனார்கள். அந்தத் தெலுங்கு அம்மாக்களில் ஒருத்தி எனக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் தசரதன் என்கிற டிவிஎஸ் பிப்டி வண்டிக்காரர், ஏழுமலையின் சினேகிதராம், எதிரே தேடிக்கொண்டு வந்து என்னையும் பையையும் ஏற்றிக்கொண்டார். அந்த வண்டியில் உட்கார்ந்து போன தூரத்தை என் இடுப்பு இன்றைக்கும் மறக்கவில்லை.

திருப்புலிவனத்தைத் தாண்டி ஒரு காலனி. அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகள், பின்னால் கருவேல விறகுக் கட்டுகள், எங்கே பார்த்தாலும் கோழி. பூங்காவனம் கழனியிலிருந்து அப்போதுதான் வந்து, சேற்றுக் காலோடு நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும். அவள் முந்தானைக்குப் பின்னாலிருந்து மூன்று வயது அமுலு எட்டிப் பார்த்து, "உன் பல்லு பெருசா கீது" என்றாள். முதல் பார்வையிலேயே உண்மையைச் சொல்லிவிட்டாள் கழுதை. எனக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

அடுத்த வீட்டில் ஏழுமலையின் அண்ணி கன்னியம்மா. காலனியில் எது ஆகும், எது ஆகாது என்று சொல்கிற அதிகாரம் அந்த அம்மாளுக்கு. "வா நர்சம்மா, குந்து" என்றார். நான் நர்ஸ் இல்லை என்றேன். "சரி நர்சம்மா" என்றார். நான் திரும்புகிற வரைக்கும் அதுதான் என் பேர்.

மறுநாள் காலையில் நாஷ்டாவுக்கு இட்லியும் வடகறியும். எங்கள் ஊரில் வடகறி என்று ஒன்று போடுவார்கள், அதை இவர்கள் பார்த்தால் அழுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் நான் புட்டியை எடுத்து வைத்து, பாடத்தை ஆரம்பித்தேன்.

"நாம சாப்பிட்டது தீர்ந்து போச்சுன்னா, உடம்பு தன்கிட்ட இருக்கிற கொழுப்பை எடுத்து எரிக்கும். எரிக்கிற அடுப்பு, உடம்பில செல்லுன்னு சொல்ற ஒவ்வொரு துளிக்குள்ளேயும் ஒரு குட்டி அறையில இருக்கு. அந்த அறையைச் சுத்தி மெல்லிசா சவ்வு. கொழுப்பு அமிலம் தானா அதைத் தாண்டி உள்ளே போகாது. யாராவது தூக்கிட்டுப் போகணும்."

"வெறவு மாதிரி" என்றார் கன்னியம்மா.

"அதேதான்! விறகு கொல்லையில கிடக்கு, அடுப்பு உள்ளே இருக்கு. தூக்கிட்டுப் போறவ பேரு கார்னிடைன். ஒரு கட்டை உள்ளே போய் இறக்கிட்டு, வெறுங்கையோட வெளியே வந்து அடுத்த கட்டைத் தூக்குவா. நாள் பூரா அதே வேலை. அமுலுவுக்கு அந்த ஆள் போதலை. துளிக்குள்ளே கார்னிடைனைச் சேர்த்துக்கிற வாசலே பழுது. அதனால உடம்பில நிக்காம மூத்திரத்தில போயிடறா. கொல்லை நிறைய விறகு இருந்தும் அடுப்பு அணைஞ்சு போயிடும். இந்த மருந்தை நிறையக் குடுத்தா, அந்தப் பழுதான வாசலிலயும் கொஞ்சம் நுழையும்."

"இன்னாத்துல பண்ணது இது?" என்று கன்னியம்மா புட்டியை முகர்ந்து பார்த்தார். இங்கிலீஷ் மருந்து என்றாலே அந்த அம்மாளுக்கு ஆகாது என்று தசரதன் என்னிடம் சொல்லியிருந்தார். எனக்குப் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு. "மருந்துன்னே நினைக்காதீங்க. ஆட்டுக்கறியில இருக்கிற சத்துதான் இது" என்றேன். "அட, கறியா!" என்று முகம் மலர்ந்து, அவரே மூடியில் ஊற்றி அமுலு வாயில் விட்டார்.

ஆகா, காரியம் முடிந்தது, நாளைக்குக் கல்வெட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

"அதனால காய்ச்சல்ல மட்டும் பட்டினி போடவே கூடாது பூங்காவனம். காய்ச்சலோட வயிறும் காஞ்சா அதுதான் இவளுக்கு எமன்" என்று நான் சொல்லச் சொல்ல அவள் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அதற்குப் பிறகு அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்டால் "ம்" என்றாள். இவ்வளவு தூரம் வந்தவளிடம் இப்படியா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அடுத்த நாள் விடிந்தபோது அமுலு உடம்பு கொதித்தது. சட்டையைத் தூக்கிப் பார்த்தால் வயிற்றில் நாலு கொப்புளம். தெருவில் ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளுக்கு இருந்ததாம்.

கன்னியம்மா வந்து பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா வந்துகீறா." அவ்வளவுதான், வீடே மாறிவிட்டது. வாசலில் வேப்பிலை சொருகியாயிற்று. அடுப்பில் எண்ணெய் கிடையாது, தாளிப்புக் கிடையாது. வெளியாள் உள்ளே வரக் கூடாது, கன்னியம்மாவைத் தவிர உள்ளே இருக்கிற யாரும் வெளியே போனால், பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் திரும்ப வரக் கூடாது. நான் உள்ளே இருந்தேன். சாமி, மாட்டிக்கொண்டாயா சரோஜா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனால் மாட்டிக்கொண்டது நல்லதுதான் என்று அடுத்த நிமிஷமே தெரிந்தது.

ஏனென்றால் கன்னியம்மா என் புட்டிகளை எல்லாம் முறத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போய் வெளியே கோழிக்கூண்டின் மேல் வைத்துவிட்டு வந்தார்.

"என்ன பண்றீங்க!"

"ஆத்தா கீற வூட்டுல கவிச்சி வெக்கலாமா நர்சம்மா? நீதானே கறின்னு சொன்ன?"

என் வாயை எதால் அடிப்பது! இல்லை, அது கம்பெனியில் பண்ணின மருந்து என்றேன். மருந்தும் கூடாது என்றார். கறி என்றாலும் வெளியே, மருந்து என்றாலும் வெளியே. வாசலில் நின்று தசரதனைக் கூப்பிட்டு, டவுனிலிருந்து காஞ்சிபுரத்து டாக்டருக்கு போன் போடச் சொன்னேன். அவர் திரும்பி வந்து தெருவில் நின்றபடியே கத்தினார்: "வாய் வழியா இனிப்பு உள்ள போய்க்கினே இருக்கணுமாம்! மருந்த நிறுத்தக் கூடாதாம்! துவண்டுட்டா உடனே இட்டாரச் சொல்றாரு! வண்டிக்கு சொல்லி வெச்சிகீறேன்!"

அமுலு எதையும் தொடவில்லை. கஞ்சியைத் தட்டிவிட்டாள், இளநீரைத் துப்பினாள், என் சர்க்கரைத் தண்ணீர் என் மடியிலேயே கொட்டியது. வாயைப் பிடித்துத் திறக்கப் போன என் கையைக் கன்னியம்மா தட்டிவிட்டார். "ஆத்தாள பலவந்தம் பண்ணாத." பூங்காவனம் மூலையில் உட்கார்ந்து பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏற ஏற அமுலுவின் பேச்சு குறைந்தது. என் பல்லைப் பற்றிச் சொன்ன வாய் சும்மா கிடந்தது. இன்னும் கொஞ்சம் பார்ப்பது, யார் தடுத்தாலும் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவது என்று செருப்பைத் தேடி வாசல் பக்கம் நகர்த்தி வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு பயம் என் ஆயுசில் பட்டதில்லை.

அப்போதுதான் தெருவில் பாம் பாம் என்று ரப்பர் ஹாரன் சத்தம். சைக்கிளில் மரப்பெட்டி வைத்து ஐஸ் விற்கிறவர்.

அமுலு கண்ணைத் திறந்தாள். "ஐசு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சேமியா ஐசு."

காய்ச்சல் பிள்ளைக்கு ஐஸா என்று கன்னியம்மா கத்தப் போகிறார் என்று நான் சண்டைக்குத் தயாரானேன். அந்த அம்மாளோ இரண்டு கையையும் கூப்பிக்கொண்டார். "ஆத்தா வாய் தெறந்து கேட்டுட்டா!" என்று சொல்லிவிட்டு, அந்த உடம்பை வைத்துக்கொண்டு தெருவில் ஓடினார் பாருங்கள்! "யோவ் ஐசு! நில்லுய்யா! ஆத்தா கேக்கறாய்யா!"

ஐஸ்காரர் வாசலுக்கு நாலு அடி தள்ளியே நின்று, ஒரு தட்டில் இரண்டு சேமியா ஐஸை வைத்துவிட்டு, காசு வாங்க மறுத்துவிட்டார். "ஆத்தாளுக்கு இன்னா காசு" என்று சொல்லி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். பால், சர்க்கரை, மேலே வெந்த சேமியா. என் டாக்டரம்மாவே உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருந்தாலும் அந்த நேரத்துக்கு அதைவிட நல்லதாக ஒன்று எழுதியிருக்க மாட்டார். அமுலு முதலில் நக்கினாள். அப்புறம் கடித்தாள். அப்புறம் பாதி ஐஸைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ ஏன் அய்வுற?" என்று என்னைக் கேட்டாள். அழுதுகொண்டிருந்தேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பூங்காவனம் எழுந்து வந்தாள். இரண்டு நாளாகப் பேசாதவள் என்னைப் பார்த்து, "அந்தத் தூக்கிக்கினு போற சத்து, கறியில மட்டுந்தான் கீதா? வேற எதுலயும் இல்லியா?" என்றாள்.

"பாலில இருக்கு. கொஞ்சமா இருக்கு, ஆனா இருக்கு."

"பாலுலயா!" என்று திரும்பினார் கன்னியம்மா. "ஏம்மா நர்சம்மா, இத மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு இன்னா? பாலுல கீதுன்னா அது ஆத்தாளுக்கு ஆவும்!" அவரே போய்க் கோழிக்கூண்டிலிருந்து புட்டிகளை எடுத்து வந்து, மஞ்சள் தண்ணீரில் கழுவி, ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்து, வேப்பிலைக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்தினார். கம்பெனி மருந்தாச்சே என்று நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை வாயைத் திறந்து பட்டது போதும்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைச் சொன்னால் எங்கள் ஆஸ்பத்திரியில் நம்ப மாட்டார்கள். ஆத்தாளுக்குப் பசிக்குமே, ஆத்தா வயிறு வாடக் கூடாதே என்று, ராத்திரியில்கூட எழுப்பி எழுப்பி ஊட்டினார்கள். கஞ்சி, தயிர், வெல்லம் கரைத்த தண்ணீர். மூன்று வேளையும் கற்பூரம் காட்டிவிட்டு மருந்து. ஐஸ்காரர் தினமும் ஹாரனை அடித்துவிட்டுத் தட்டில் ஒன்று வைத்துவிட்டுப் போனார். நானும் தாளிக்காத சாப்பாட்டைத்தான் சாப்பிட்டேன். எங்கள் ஊர் மிளகாய்ச் சம்பல் என்று ஒரு வார்த்தை மனசில் ஓடும், உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வேன். என் விமானம் நான் இல்லாமலே போய்விட்டது. தசரதன் என் மேலதிகாரிக்கு போன் பண்ணி, "நர்சம்மாவுக்கு ஆத்தா வூட்டுல டூட்டி" என்று சொன்னாராம். அவர் சீனர், என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது.

கொப்புளங்கள் காய ஆரம்பித்த ஒரு சாயங்காலம், அமுலு வேப்பிலைக் கொத்தால் கோழியை விரட்டிக்கொண்டிருந்தாள். பூங்காவனம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா" என்றாள். அதுவரைக்கும் நர்சம்மாதான். "மோகனுக்கும் இதானே?"

"அவன் ரத்தத்தை யாரும் பார்க்கலையே பூங்காவனம். ஆனா இதாத்தான் இருக்கும்."

"காய்ச்சல்ல பட்டினி போட்டா காய்ச்சல் எறங்கும்னு எல்லாருந்தான் சொல்லுவாங்கோ. அவன் சோறு சோறுன்னு கேட்டாங்க்கா. தண்ணி குடுத்துப் படுக்க வெச்சேன். நீ அன்னிக்கி வெறவு கத சொன்ன பாரு, அப்பவே எனக்கு வெளங்கிச்சி. நான் தானே..."

அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். படித்த டாக்டர்களே காரணம் தெரியாமல் விட்டுவிடுகிற நோய் இது, உனக்கு எந்தச் சாமி வந்து சொல்லும், நீ பிள்ளைக்கு நல்லது என்று நினைத்துத்தானே செய்தாய் என்று என்னென்னவோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவருகிட்ட மட்டும் சொல்லாதக்கா" என்றாள்.

"எதை?"

"அன்னிக்கி டவுன்லேர்ந்து போன் போட்டேன், அவருதான் சொன்னாரு, தண்ணியத் தவிர ஒண்ணுங் குடுக்காத, நாளிக்கு சரியாப் பூடும்னு. பட்டினியாலதான் போனான்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்க மாட்டாரு. அங்க தனியா வேற கீறாரு. எங்கிட்டயே இருக்கட்டும்."

சொல்ல மாட்டேன் என்று அவள் தலைமேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன்.

அமுலுவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் கிளம்பினேன். ஏழுமலைக்கு ஏதாவது கொடுத்தனுப்பு என்றேன். அம்மை கண்ட வீட்டிலிருந்து இன்னும் ஒரு பொருளும் வெளியே போகக் கூடாதாம், கன்னியம்மா உத்தரவு. அமுலு மட்டும் தசரதனின் வண்டிவரைக்கும் வந்து, "பல்லு, டாட்டா" என்றாள்.

ஈப்போவில் மறுநாள் மத்தியானமே கடைக்குப் போனேன். ஏழுமலை இலையைப் போட்டான், தண்ணீர் தெளித்தான், சோறு வைத்தான். சத்தியம் பண்ணிய அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். கோழிக்கூண்டைச் சொன்னதும் சிரித்தான், அண்ணி தெருவில் ஓடியதைச் சொன்னதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அப்புறம் கடையில் கூட்டம் குறைகிற வரைக்கும் காத்திருந்து, என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, மோகன் எதனால போனான்னு பூங்காவனத்துகிட்ட சொன்னீங்களா?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"சொல்லலன்னா நல்லது. சொல்லாதீங்க. அவதான் பட்டினி போட்டுட்டான்னு நெனச்சிக்குவா, உசுரையே உட்ருவா. நெசத்துல போன்ல சொன்னது நான்தான்க்கா. தண்ணியத் தவிர ஒண்ணுங் குடுக்காதன்னு. நீங்க காய்தத்தக் காட்டி வெளக்கின அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சி போச்சி. அது எங்கிட்டயே இருக்கட்டும்."

அங்கே அவளுக்கு ஒரு சத்தியம், இங்கே இவனுக்கு இன்னொன்று. "நான் ஒண்ணும் சொல்லலைடா" என்றேன்.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவ எனக்கு எதுனா குடுத்தாளா? வெறுங்கையோடவா வந்தீங்க?" என்று கேட்டான்.

"வெறுங்கையோடத்தான் வந்தேன்."

அவன் எழுந்து போய்ச் சோற்று வாளியைக் கொண்டு வந்து, நான் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தான். எனக்கு ஒரு பருக்கைகூட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் உட்கார்ந்து முழுவதையும் சாப்பிட்டேன். பட்டினி கிடக்கக் கூடாது என்று கடல் தாண்டிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தவள் இல்லையா?